இரண்டாவது வண்டி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசணும், ஏதாவது உபயோகமா பேசு" என்று செயலாளர் சொன்னார். தொழில்நுட்பம் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அதனால் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: வேலைக்குப் போய் வருவது. சிரிக்காதீங்க. இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனதும் உங்கள் வாழ்க்கையில் தினமும் நாலு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளப் போகிற விஷயம் இது.

நான் காலடிப்பேட்டைக்காரன். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டால், யாரோ மகான் காலடி பட்ட இடம் போலிருக்கிறது என்று பலர் நினைப்பார்கள். அது காலட் பேட்டை. ஜோசப் காலட் என்ற வெள்ளைக்காரர் 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்தார். நெசவாளர்களைக் குடியேற்றி அவர் பெயரில் உண்டான பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. அந்தக் கோயில் வந்ததற்கு எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

காலட் துரையிடம் வேலை பார்த்தவர் வீரராகவன் என்று ஒருவர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளைச் சேவிக்காமல் அவருக்கு நாள் விடியாது. காஞ்சிபுரம் போய்த் திரும்புவதால் வேலைக்குத் தாமதமாக வருவாராம். துரை கூப்பிட்டு விசாரித்தார். சோதித்தும் பார்த்தார். கடைசியில் அந்தப் பக்தியை மெச்சி, "நீர் தினமும் அவ்வளவு தூரம் போக வேண்டாம், இங்கேயே வரதருக்கு ஒரு கோயில் கட்டிக்கொள்ளலாம்" என்று ஏற்பாடு செய்தாராம். ஊர்க்கதைதான். ஆனாலும் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு போக்குவரத்துப் பிரச்சினை இதில் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒரு மனிதனுக்குத் தினமும் போயே தீர வேண்டிய இரண்டு இடம். நடுவில் தாங்க முடியாத தூரம்.

எங்கள் அப்பா தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் சங்கு ஊதினால் கிளம்பி, அடுத்த சங்குக்குள் சைக்கிளில் உள்ளே போய்விடலாம். விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு என்று எல்லாம் கைக்கெட்டும் தூரம். பிறகு தொழில் தெற்கும் மேற்குமாக நகர்ந்தது. திருவொற்றியூரில் புல்லட் செய்த அதே நிறுவனம் 2013-ல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை திறந்தது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று வேலை அங்கே போய்விட்டது. வீடு, அம்மா, குழந்தையின் பள்ளிக்கூடம், மனைவியின் உத்தியோகம் எல்லாம் வடசென்னையிலேயே நின்றுவிட்டன.

"அங்கேயே வீடு பார்த்துக்கிட்டுப் போயேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். முடிந்தவர்கள் போகட்டும், அதுதான் நல்லது. எங்கள் வீட்டில் ஒருவர் வேலைக்காக மூன்று பேர் வாழ்க்கையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை.

நான் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தது 2014-ல். காலடிப்பேட்டையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கம்பெனி பஸ் தாம்பரம் வரைக்கும்தான். வயசு இருந்தது, பைக் இருந்தது. இரண்டு வருஷம் தினமும் 120 கிலோமீட்டர் ஓட்டினேன். மணலி, மாதவரம், மதுரவாயல் பைபாஸ், தாம்பரம், படப்பை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டுப் போவதை ஒரு வீரமாகக்கூட நினைத்தேன்.

2016-ல் ஓர் இரவு, இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். மாதவரம் தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, என் முகத்துக்கு நேரே ஒரு டிரெய்லரின் பின்பக்கம். அது ஓரமாக நின்றுகொண்டிருந்தது. பின்விளக்கு எரியவில்லை. நடுவில் எவ்வளவு தூரம் தூங்கிக்கொண்டே ஓட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டியை ஒடித்து மண்ணில் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வீட்டில் "வழுக்கிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்றைக்குத்தான் உண்மை தெரியப்போகிறது.

அந்த வாரமே ஒரு காரியம் செய்தேன். என் பைக்கை சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தி மாதச் சீட்டுப் போட்டேன். அங்கிருந்து ஒரகடம் சுமார் 12 கிலோமீட்டர். மீதி தூரத்தை ரயில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு அம்மாவின் பழைய ஸ்கூட்டர் போதும். ஆக, வீட்டில் ஒரு வண்டி, வேலை செய்யும் ஊரில் ஒரு வண்டி. "ரெண்டு வண்டி வச்சிருக்கான், பணக்காரன்" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். நம் ஊரில் ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டும் இருக்கும். அதில் நிற்கும் வண்டிகளை ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். சில வண்டிகள் காலையில் வந்து இரவு போகும். சில வண்டிகள் காலையில் போய் இரவு வந்து சேரும். இரண்டாவது ஜாதி வண்டிகள்தான் நான் சொல்வது. அவை ராத்திரியெல்லாம் ஸ்டாண்டில் தூங்குகிறவை. அமெரிக்காவில் ரயிலடிக்குப் போய் வர மட்டும் ஒரு பழைய காரை வைத்துக்கொள்வார்கள், அதற்கு 'ஸ்டேஷன் கார்' என்றே பெயர். நெதர்லாந்தில் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனில் ஒரு சைக்கிள், வேலை செய்யும் ஊர் ஸ்டேஷனில் ஒரு சைக்கிள் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கே உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 2019-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட நிறுத்துமிடத்தில் 12,500 சைக்கிள் நிற்கும். நம் ஊரில் கீற்றுக் கொட்டகையும் சாக்பீஸ் நம்பரும். தத்துவம் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், என்ஜினியர்கள் அல்லவா! பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே ஓட்டினால் மாதம் 3,000 கிலோமீட்டர், 6,000 ரூபாய். ஸ்டேஷனிலிருந்து ஓட்டினால் மாதம் 600 கிலோமீட்டர், 1,200 ரூபாய். இப்போது 4,800 மிச்சம் என்று துள்ளக் கூடாது. 2021 பிப்ரவரி 14-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து நான் காலடிப்பேட்டையில் ஏறிக் கிண்டியில் இறங்கி மின்சார ரயில் பிடிக்கிறேன். மெட்ரோவில் போக வர 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,500. ரயில் சீசன் டிக்கெட், ஸ்டாண்ட் வாடகை, இரண்டாவது வண்டிக்கு இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். நேரத்திலும் பெரிய லாபம் இல்லை. பைக்கில் இரண்டு மணி நேரம், இப்போது இரண்டேகால்.

அப்படியென்றால் லாபம் எது? 3,000 எங்கே, 600 எங்கே? வருஷத்துக்கு 36,000 கிலோமீட்டர் சாலையில் இருந்த என் உடம்பு, இப்போது 7,200 கிலோமீட்டர்தான் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நாம் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவுக்கு ஆபத்து. அந்தத் தூரத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைப்பதற்கு ஒரு பழைய வண்டியும் ஒரு ஸ்டாண்ட் சீட்டும் போதும். மீதி நேரத்தில் ரயிலில் தூங்கலாம். தூங்கினால் ஸ்டேஷன்தான் தவறிப்போகும், உயிர் போகாது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டேதான் வந்தேன். எங்கள் பேட்ச்சில் ஒருவன் இன்றைக்கு இந்தக் கூடத்தில் இல்லை. பெயர் சொல்ல மாட்டேன், என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். அவனும் வடசென்னைதான், அவனுக்கும் அந்தப் பக்கம்தான் வேலை. நான் ஸ்டாண்டில் வண்டி போட்ட கதையைச் சொன்னபோது, "நல்ல ஐடியாடா, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றான். நானும் வற்புறுத்தவில்லை. 2019-ல் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது நின்றுகொண்டிருந்த லாரியில் மோதினான். தூங்கியிருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மாதவரத்தில் கிடைத்த அந்த ஒரு வினாடி அவனுக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தம்பி தங்கைகள் முக்கியமாகக் கேட்க வேண்டும். அவன் ஓட்டிய வண்டி, படிக்கும்போது நம் கல்லூரி சீனியர் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியது. ஆர்.சி. புத்தகம் கடைசிவரை சீனியர் பெயரிலேயே இருந்தது. வண்டி உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும்படி தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று இருக்கிறது. ஆனால் அது பதிவு பெற்ற உரிமையாளருக்கு. இவன் சட்டத்தின் கண்ணில் உரிமையாளன் இல்லை. அவன் மனைவிக்கு அதில் ஒரு பைசா வரவில்லை. எங்கோ வெளியூரில் இருந்த சீனியருக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு பக்கமும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. "பெயர் மாத்திக்கலாம், என்ன அவசரம்" என்று இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வேலை ஊரில் வைக்கிற இரண்டாவது வண்டி பெரும்பாலும் பழைய வண்டி. பழைய வண்டி பெரும்பாலும் கைமாறி வந்த வண்டி. அதனால் நாலு விஷயம் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொண்டாலும் சரி.

முதலாவது, பெயர் மாற்றம். படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது ஜூனியரிடம் வண்டியை விற்றுவிட்டுப் போகிற வழக்கம் இந்தக் கல்லூரியில் என்றும் உண்டு. விற்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. இதைச் செய்யாமல் வண்டி நாலு கை மாறினாலும், விபத்தில் மூன்றாம் நபருக்கு நஷ்ட ஈடு என்று வரும்போது ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து.

இரண்டாவது, இன்சூரன்ஸ். "ரெண்டாவது வண்டிதானே, தினம் 24 கிலோமீட்டர்தானே" என்று விட்டுவிடக் கூடாது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொதுச் சாலையில் வண்டி எடுப்பதே குற்றம். புது வண்டிக்கு 2018 செப்டம்பர் முதல் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே அதைப் போட்டுத் தருகிறார்கள். பழைய வண்டிக்கு நாம்தான் தேதியை நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொன்ன தனிநபர் விபத்துக் காப்பீடு, இரண்டு வண்டி இருந்தாலும் ஒருவருக்கு ஒன்று போதும், இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை. நண்பனுக்கு வண்டியைக் கொடுத்தால் அந்தக் காப்பீடு அவனுக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவுக்கு ஆயுள் 15 வருஷம், பிறகு புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய மாருதி 800-ஐ ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணை ஓரத்தில் நிறுத்தி வைத்து ஓட்டுகிறார்கள். 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி, இன்னும் ஓடுகிறது. மழையில் நனையாமல் போகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் நாலு பேர் பணம் போட்டாலும் ஆர்.சி.யில் ஒருவர் பெயர்தான். தலைவலி வந்தால் அவருக்குத்தான் வரும். அதை முதலிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பராமரிப்பு. நிற்கிற வண்டி, ஓடுகிற வண்டியைவிடச் சீக்கிரம் கெடும். உதைத்து ஸ்டார்ட் செய்கிற கிக்கர் உள்ள வண்டியாகப் பாருங்கள். கிக்கர் இல்லாத வண்டியில் நாலு நாள் விடுமுறைக்குப் பிறகு பேட்டரி இறங்கியிருந்தால் ஸ்டாண்டுக்காரர்தான் தள்ள வேண்டும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு எடுக்கும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கிக் கசடு பிடிக்காது. ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், இரண்டு ஊரிலும் ஒன்று. ஒரே ஹெல்மெட்டை ரயிலில் தூக்கிக்கொண்டு அலைந்தால் ஒரு நாள் மறந்துவிட்டு, "பன்னிரண்டு கிலோமீட்டர்தானே" என்று தோன்றும். அந்த எண்ணம் வரவே இடம் கொடுக்கக் கூடாது. சாவி விஷயத்தில் என் அறிவைக் கேளுங்கள்: உபரிச் சாவியை ஆபீஸ் மேஜையில் வைத்திருந்தேன். ஒரு நாள் வீட்டு ஸ்கூட்டர் சாவியோடு சிங்கப்பெருமாள் கோயிலில் போய் இறங்கினேன். பைக் கண்ணெதிரே நிற்கிறது, அதன் சாவி பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் மேஜைக்குள் இருக்கிறது. ஸ்டாண்டுக்காரர், "படிச்சவங்க தம்பி நீங்க" என்றார். இப்போது உபரிச் சாவி டிபன் பையில் இருக்கிறது. சாப்பாட்டை நான் மறந்ததில்லை.

நாலாவது, வெள்ளம். 2015-லும் 2023 டிசம்பர் 'மிக்ஜாம்' புயலிலும் சென்னை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வீட்டில் நிற்கும் வண்டியை மேட்டில் ஏற்றிவிடலாம். 50 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் வண்டியை என்ன செய்வது? 'மிக்ஜாம்' வந்தபோது ரயில் நின்றுபோனது. நாலு நாள் கழித்துப் போனேன். என்ஜின் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. பக்கத்து வண்டிக்காரர் ஆவலாக உதைத்துக்கொண்டிருந்தார். "சார், உதைக்காதீங்க" என்று ஓடிப்போய் நிறுத்தினேன். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப்போல் அது அமுங்கிக் கொடுக்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, என்ஜின் ஆயிலை மாற்றி, அதற்குப் பிறகுதான் உதைக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் அன்று செலவு மெக்கானிக் கூலியோடு முடிந்தது. மழைக்காலத்தில் ஸ்டாண்டுக்காரர் போன் நம்பர் உங்களிடம் இருக்கட்டும், ஒரு சாவியும் அவரிடம் இருக்கட்டும். தீபாவளிக்கு அவரை மறக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் இது முழுத் தீர்வு இல்லை என்று எனக்குத் தெரியும். காலையில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறவன் குழந்தை விழித்திருக்கும் முகத்தை ராத்திரிதான் பார்க்கிறான். ஆனால் பார்க்கிறான். ரயிலில் தூங்கி எழுந்து வருவதால், வந்ததும் அதோடு விளையாடத் தெம்பு இருக்கிறது. என் நண்பனுக்கும் ஒரு பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் பேட்ச் ஆட்கள் சேர்ந்து அதற்குப் பீஸ் கட்டுகிறோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெயர் மாற்ற ஒரு நாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிருந்தால் அந்தக் குழந்தைக்கு எங்கள் தயவு தேவைப்பட்டிருக்காது. ஒரு ஸ்டாண்ட் சீட்டுப் போட்டிருந்தால் இன்று அவனே இங்கே வந்து உட்கார்ந்து, "போதும்டா, இறங்குடா" என்று கத்தியிருப்பான்.

காலட் துரை கதைக்கு வருகிறேன். வீரராகவனிடம் அவர் "பக்தியை விட்டுவிடு" என்று சொல்லவில்லை, "வேலையை விட்டுவிடு" என்றும் சொல்லவில்லை. நடுவில் இருந்த தூரத்தைக் குறைத்தார். நம் எல்லோருக்கும் அப்படி ஒரு துரை வாய்க்க மாட்டார். நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெளியே போனதும் மர நிழலில் நிறுத்தியிருக்கிற உங்கள் வண்டியின் ஆர்.சி.யை எடுத்து ஒரு தரம் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இல்லையென்றால், திங்கட்கிழமை முதல் வேலை அதுதான். வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு தடவை வற்புறுத்தாமல் விட்டவன் நான்.